தாய்ப்பலகை தேவை

சொல்லாக்கியின் மனைவி தன் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை. தங்கைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. எழுந்து நடமாடும்வரை கூட இருக்க ஆள் வேண்டும். பெட்டியை டாக்சியில் ஏற்றிவிட்டு, கதவைச் சாத்துவதற்குள் கணவருக்குக் கடைசியாக ஒருமுறை பாடம் நடத்தினாள்: பால் எங்கே இருக்கிறது, எதை முதலில் துவைக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது. டாக்சி தெருமுனை திரும்பியதும் சொல்லாக்கி உள்ளே வந்து கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினார். அது ஒருமுறை இருமியது. அவ்வளவுதான். மனைவி போன கையோடு அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

சொல்லாக்கி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவுக்காரர்கள் வைத்தது. சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவது அவர் வேலை. அவர் தமிழாக்கியதைப் புரிந்துகொள்ள எல்லாரும் ஆங்கில மூலத்தைத் தேடிப் பிடித்துப் படித்தார்கள். இருமொழிப் புலமை வளர்கிறது என்று அதிலும் அவர் மகிழ்ந்தார். ஓய்வு பெற்றதும் மொழியைக் காக்கும் பொறுப்பு வீட்டுக்குள் நுழைந்தது. ஃப்ரிட்ஜ், குளிர்ப்பேழை ஆயிற்று. வாஷிங் மெஷின், துவைப்பான். கணினி என்று ஊரே சொல்கிறதே என்றால், ஊரே சொல்வதால்தான் சந்தேகமாக இருக்கிறது என்பார். அவர் வீட்டில் அது கணிப்பேழை. மனைவி வாசலுக்கு உள்ளே ஒரு பாஷை, வெளியே ஒரு பாஷை என்று இரட்டைக் குடியுரிமையோடு காலம் தள்ளினாள்.

அந்தப் பெட்டிக்குள்தான் அவருடைய கலைச்சொல் அகராதி இருந்தது. ஓய்வுக்கால உழைப்பு மொத்தமும் அதில்தான். பழைய எழுத்துரு ஒன்றில் அடித்தது. வேறு எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் கொசு மொய்த்தது போலத் தெரியும். எழுத்துருவைத் திறக்க அதோடு வந்த சாவி போன்ற சிறு செருகி, பெட்டியின் முதுகில், பிரிண்டருக்கென்று அந்தக் காலத்தில் வைத்த அகலமான துளையில் செருகியிருந்தது. இப்போது வரும் எதிலும் அந்தத் துளை கிடையாது. ஆக, அதே வயதில் இன்னொரு மதர்போர்டு கிடைத்தால்தான் அகராதிக்கு உயிர். இதையெல்லாம், நாலு நாள் கழித்துப் பழுதுபார்க்க வந்தவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சொல்லாக்கி அதைவிடப் பொறுமையாக, அது மதர்போர்டு அல்ல, தாய்ப்பலகை என்று திருத்தினார். அது தன்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையே தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் சொல்லாக்கியின் அறிவிப்பு வந்தது: "தாய்ப்பலகை தேவை. பழையதாயினும் ஏற்கப்படும். உடனடித் தேவை."

முதலில் கூப்பிட்டவர் ஒரு தச்சர். நீள அகலம் கேட்டார். அடுத்தவர் கல்லில் எழுத்துப் பொறிப்பவர்; அம்மா பெயரும் தேதியும் அனுப்பினால் போதும், பளிங்கில் செய்து தருகிறேன் என்றார். சொல்லாக்கியின் அம்மா காலமாகி வெகுகாலம் ஆயிற்று என்பது தெருவுக்கே தெரியும். அப்படியானால் யாருக்குப் பலகை? பிள்ளைகளைப் பெற்ற தாய் ஒருத்திதானே அந்த வீட்டில்? அவளையும் சில நாளாகக் காணவில்லையே? தெரு கூட்டிக் கழித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தது.

முதல் ஆளாகத் துக்கம் விசாரிக்க வந்தவர் எதிர்வீட்டு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். சட்டையின் கழுத்துப் பொத்தானையும் போட்டிருந்தார்.

"கேள்விப்பட்டேன் சார். மனசே ஆறல. திடீர்னா?"

தன் இழப்பை மதித்து ஒருவர் வந்ததில் சொல்லாக்கி நெகிழ்ந்துபோனார்.

"திடீர்னுதான். முந்தின நாள் ராத்திரிகூட நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு."

"முன்னாடியே ஏதும் அறிகுறி தெரியலையா?"

"சூடு ஏறிக்கிட்டே இருந்துச்சு. நான்தான் காத்து பட்டா சரியாயிடும்னு விட்டுட்டேன்."

"யார்கிட்டயாவது காட்டியிருக்கலாமே சார்."

"காட்டினேன். இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாதுன்னு கைய விரிச்சிட்டார். உள்ள நல்லா இருக்கிறதையெல்லாம் கழட்டி வேற யாருக்காவது குடுத்துடலாம்னு கேட்டார். நான் ஒத்துக்கல."

ஏஜெண்ட் கண்ணை மூடித் திறந்தார். "இனிமே எப்படி சார் ஒத்தையா?"

"அதே மாதிரி இன்னொண்ணு தேடிக்கிட்டிருக்கேன். பழசா இருந்தாலும் போதும். யார் வீட்டுலயாவது வேண்டாம்னு ஓரமா வச்சிருந்தா சொல்லுங்க."

சொல்லாக்கி கொடுத்த தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஏஜெண்ட் எழுந்து போனார். பொழுது சாய்வதற்குள் சொல்லாக்கியைக் கண்டால் அந்தத் தெருப் பெண்கள் ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தார்கள்.

மறுநாள் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, நான் செத்துட்டேனாமே."

யார் சொன்னது என்று இவர் பதறினார். இன்சூரன்ஸ்காரர் தங்கைக்கு ஆறுதல் சொல்லப் போன் செய்ததையும், அதை எடுத்ததே தான்தான் என்பதையும், அவர் வீல் என்று கத்திவிட்டுப் போனை வைத்ததையும் அவள் விவரமாகச் சொன்னாள்.

"செத்தது போகட்டும். பழசா ஒண்ணு கேட்டீங்களாமே? அத மட்டும் விளக்குங்க."

விளக்கினார். அவள் சிரிக்கவில்லை. குழுவில் உடனே திருத்தம் போடச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவரும் போட்டார்: "மறைந்தது என் மனைவியன்று. கணிப்பேழையே. அதன் தாய்ப்பலகைக்கே அலைகிறேன்." தெருவுக்குத் தெரிந்த பேழை ஒன்றே ஒன்றுதான், அது சுடுகாட்டுக்குப் போகிற பேழை. பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று அடுத்த வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. ருசியாக இருந்ததால் அவர் மறுவிளக்கம் எதுவும் தரவில்லை.

பிறகு செத்த பலகையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். ஒரு கடையில், பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் கூரைவரை கிடந்தன. கடைக்காரர் பையை எட்டிப் பார்த்தார்.

"மதர்போர்டுதானே சார்?"

"தாய்ப்பலகை."

"இது மதர்போர்டு சார். இதே மாடல் உள்ள கெடக்கு. மதர்போர்டுதானே வேணும்?"

சொல்லாக்கிக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆமாம் என்று தலையாட்டினால்கூடப் போதும். ஆனால் அந்த அகராதி எழுதப்பட்டதே அப்படிப்பட்ட சொற்களை ஒழிக்கத்தான். ஒழிக்க வேண்டிய சொல்லைச் சொல்லி அகராதியை மீட்டால், மீட்டதற்கு என்ன மரியாதை?

"இல்லை," என்றார்.

"அப்ப நம்மகிட்ட இல்ல சார்," என்று கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார்.

தலையை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்தவர், இரண்டு நாள் அந்த வெற்றியிலேயே மிதந்தார். மூன்றாம் நாள் போய் அந்தக் கடை எதிரே நின்று பார்த்தார். உள்ளே போகவில்லை. அடுத்த வாரமும் போய் நின்றார். மழைக்காலம் வந்து போனது. தங்கையின் முழங்கால் தேறியது. மனைவிதான் வருகிற வழியைக் காணோம். அங்கே வாயில் வந்ததைப் பேச முடிகிறது, பேச்சு முடிந்ததும் யாரும் திருத்துவதில்லை என்று மகளிடம் சொன்னாளாம். சொல்லாக்கி துவைப்பானைத் திறக்கத் தெரியாமல் வாளியில் துவைத்தார். அகராதியில் ஏற்ற வேண்டிய புதுச் சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். கேட்க ஆள் இல்லாத வீட்டில் தமிழுக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை; அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அந்தக் கடையும் ஒருநாள் காலி செய்துகொண்டு போய்விட்டது.

அதற்கும் பல மாதம் கழித்து மனைவியிடமிருந்து ஒரு செய்தி வந்தது:

"இங்க ஒரு கடையில நம்ம பெட்டிக்குப் பொருந்துறது ஒண்ணு இருக்கு. பின்னாடி அகலமான துளையெல்லாம் இருக்கு, பார்த்துட்டேன். வாங்கிட்டு நானே கொண்டு வர்றேன். ஆனா எனக்குப் பேரு மறந்துபோச்சு. கடைக்காரருக்குப் புரியிற மாதிரி என்ன கேக்கணும்னு ஒரே ஒரு வார்த்தை எழுதி அனுப்புங்க. கவுண்டர்லதான் நிக்கிறேன்."