வீட்டுக்காரரின் நாலு ஊர்கள்

எங்களுடைய ஆட்களுக்கு ஒருவரைக் கண்டவுடன் எந்த ஊர் என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது. ஊரைச் சொன்னாலும் விடமாட்டோம். எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை, யாருடைய வளவு என்று கிணற்றடி மட்டும் போய்த்தான் நிற்போம். தொண்ணூறுகளில் கனடாவில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்திலும் என் மனுசன் அதைத்தான் கேட்டார்.

வீட்டுக்காரர் கறுப்புத் தொப்பி போட்ட ஒரு கிழவர். எனக்கோ நிறைமாதம். மைத்துனர் வீட்டு முன்னறையில் படுத்தெழும்பிக்கொண்டிருந்தேன். பிள்ளையை எங்களுக்கென்று ஓர் அறைக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு.

கிழவர் முதல்நாள் பாஸ்க் நாடு என்றார். அடுத்தமுறை நவார் என்றார். பிறகு எவுஸ்காடி, எவுஸ்கல் எரியா. மனுசனுக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.

"ஊரை மாத்தி மாத்திச் சொல்லுற ஆளை நம்பேலாது. பேந்து வேற வீடு பாப்பம்."

"பேந்தோ? நான் மெத்ரோவிலயோ பிள்ளை பெறுறது?" என்று கேட்டு, மனுசனைத் திரும்பக் கிழவரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

ஏன் ஊரை மாற்றி மாற்றிச் சொல்கிறீர்கள் என்று மனுசன் கேட்டதற்குக் கிழவர் கோபிக்கவில்லை. எங்களுக்கு விளங்கட்டும் என்று ஆறுதலாகப் பிரெஞ்சில் சொன்னார். மலைக்கு ஒரு பக்கம் பிரான்ஸ், மறுபக்கம் ஸ்பெயின், இரண்டிலும் அவருடைய சனம். ரோமர் வஸ்கோனியா என்றார்களாம், பாஸ்க் என்ற பெயர் அதன் வழியில் வந்ததாம். பிறகு நவார் என்று ஓர் இராச்சியம் இருந்து, அதுவும் இரண்டாகப் போனது. எவுஸ்காடி அவருடைய பாட்டன் காலத்தில் ஒருவர் கட்டிய சொல். ஸ்பெயினில் சர்வாதிகாரி இருந்தபோது அதை வாய்விட்டுச் சொல்லப் பயம். எவுஸ்கல் எரியாதான் பழையது, தங்கள் மொழி பேசுகிறவர்களின் நிலம் என்று அர்த்தம்.

மனுசன் மசியவில்லை. அப்போ எந்த வீடு என்று கேட்டார். கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் உண்டு, அதை வாசல் கல்லில் வெட்டியிருப்பார்கள், ஆட்களைக் கூப்பிடுவதும் அந்தப் பெயரால்தான் என்றார். தன் வீட்டின் பெயரையும், பின்னால் ஓடும் ஆற்றையும், தேவாலயம் எந்தப் பக்கம் என்பதையும் தடக்குப்படாமல் சொன்னார்.

"ஓம், ஆள் சரி" என்று மனுசன் என் காதுக்குள் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது.

அப்போது கிழவர் எங்களைக் கேட்டார். மனுசன் சிறிலங்கா என்று தொடங்கி, இல்லை சிலோன் என்று மாற்றி, ஈழம் என்று இழுத்து, நின்றுவிட்டார். பிறகு மெல்ல, "நாவலடி" என்றார். அது அவர்களுடைய காணியின் பெயர். இப்போது அதற்குள் ஆமிக்காரன் இருக்கிறான் என்றும் சொன்னார். கனடாவுக்கு வந்தபிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. கிழவர் வீட்டுக் கதவின் திறப்பை எடுத்து அவர் கையில் வைத்தார்.

மகள் அந்த வீட்டுக்குத்தான் வந்தாள். நாங்கள் ஆசையாய் வைத்த பெயரைக் கிழவர் ஒருநாளும் சொன்னதில்லை. படியேறி வரும்போதே "நாவலடி" என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை முதன்முதலில் தலையைத் திருப்பிப் பார்த்ததும் அந்தப் பெயருக்குத்தான்.