கைராசிக்காரன் தொட்ட கம்ப்யூட்டர்

போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர்கள், பருவத்தின் முதல் மூட்டையை யார் கையால் பிரிப்பது என்பதில் கவனமாக இருப்பார்கள். நான் வேலை பார்த்த கடையில் அது என் கை. ஒரு வருஷம், வழக்கமாகப் பிரிக்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட, முதலாளி சாம்பிள் எடுக்கிற என்னைக் கூப்பிட்டார். அந்த வருஷம் காய்க்கு நல்ல விலை கிடைத்தது. அன்று முதல் நான் கைராசிக்காரன். பக்கத்துக் கடைக்காரர்களும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். சிலமலையில் ஒருவர் கிணறு வெட்டும்போது முதல் மண்வெட்டி போட என்னைப் பஸ் ஏற்றிக் கூட்டிப்போனார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் கூடி நின்றால் வாய் திறக்கமாட்டேன். ஊரில் எனக்கென்று இருந்த மரியாதை அது ஒன்றுதான்.

எண்பதுகளின் கடைசியில் முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ஏலம் முடிந்ததும் யார் காய் எத்தனை கிலோ, யாருக்குப் போனது என்பதையெல்லாம் அது சீட்டாக அடித்துத் தரும். அதை இயக்க ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். பள்ளிக்கூடம் முடித்து டைப்பிங் படித்தவள். லீவு நாட்களில் அம்மாவோடு ஜீப்பில் நெருக்கியடித்து மலைக்குப் போய்க் காய் எடுத்தவள். ஏலச்செடியின் அடியில் குத்தவைத்து, அட்டைக்கடி வாங்கி, நகத்தடி கருத்துப்போன கை அது. கடைக்கு வந்த பிறகுதான் அவள் நகம் வெளுக்க ஆரம்பித்தது. அதை நான் கவனித்தேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன்.

கொஞ்ச நாளில் மெஷின் முரண்டு பிடித்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று திரையில் ஒரு வரி இங்கிலீஷ் வந்து அப்படியே நின்றுவிடும். எந்தப் பொத்தானுக்கும் அசையாது. அணைத்துப் போட்டால் எழுந்துகொள்ளும், ஆனால் அதுவரை அடித்ததெல்லாம் போயிருக்கும். அவள் மறுபடி முதலிலிருந்து அடிப்பாள். சில நாள் நிற்கவே நிற்காது. சில நாள் ரெண்டு மூன்று தடவை நிற்கும்.

மதுரையிலிருந்து காலை ரயிலில் இன்ஜினியர் வந்தார். அன்று பார்த்து மெஷின் சமர்த்தாக ஓடியது. "நம்ம முன்னாடி நின்னாத்தானே என்னன்னு பாக்க முடியும்? கரண்டுதான் சரியில்லபோல" என்று சொல்லிப் புது ஸ்டெபிலைசர் மாட்டிவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடித்தார். கரண்டு மண்ணுக்குள் இறங்குகிற எர்த் குழி காயக்கூடாது என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் குழியில் உப்புத்தண்ணீர் ஊற்றுவது என் சோலி. அதற்கும் சரிவரவில்லை. மேசையைக் கிழக்குப் பார்த்துத் திருப்பினோம். எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தோம். கடைசியில் கணக்குப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"மொதலாளி, மெஷின்ல ஒண்ணுமில்ல. தொடுற கைக்கு ராசி பத்தல."

அவள் அறை வாசலில்தான் நின்றிருந்தாள். முதலாளி கெட்ட மனுசர் இல்லை. ஆனாலும் இந்தப் பேச்சு அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஏப்பா, கொஞ்ச நாளைக்கு நீ தொடு. இந்த ஆத்தா பக்கத்துல நின்னு சொல்லிக் குடுக்கட்டும், கைய மட்டும் வைக்க வேணாம்" என்றார் என்னிடம்.

"மாப்ளே, சாக்குப் பிரிக்கிறவன் கம்ப்யூட்டர் ஆப்பீசர் ஆயிட்டான். பேண்ட் தைக்கக் குடுத்துருவமா?" என்று கணக்குப்பிள்ளை சிரித்தார்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் பின்னால் நின்று, "இப்ப அந்த நீளப் பொத்தான அமுக்குங்கண்ணே. இப்ப கிலோவப் போடுங்கண்ணே" என்பாள். எண் மட்டும் எனக்குத் தெரியும். ஒற்றை விரலால் கோழி கொத்துவதுபோல் அடிப்பேன். தப்பாக அடித்தால் அவள் கை தன்னையறியாமல் முன்னால் நீளும். நினைவு வந்து சட்டென்று இழுத்துக்கொள்வாள். அந்தக் கை திரும்பிப் போவதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கார்த்திகை அது. மலையில் அடைமழை. மேட்டுக்குப் போகிற ரோட்டில் மண் சரிந்து ஜீப்பு இறங்கவில்லை. ஏலத்துக்கு வந்தது கொஞ்சம் காய்தான். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கணக்குப்பிள்ளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: "கை மாறுச்சு, கோளாறு நின்னுபோச்சு பாத்தீகளா!"

முதலாளி அவளைக் கூப்பிட்டு, "ஆத்தா, இந்த மாசத்தோட நீ வேற எடம் பாத்துக்க. கோவிச்சுக்காத" என்றார்.

வேறு இடம் என்று போடியில் அப்போது ஒன்றும் கிடையாது. வேறு இடம் என்றால் ஜீப்புதான். அன்று சாயங்காலம் அவள் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். "அம்மாகிட்ட இன்னும் சொல்லலண்ணே. நான் மலையேற வேண்டியதில்லன்னுதான் இந்த வருசம் அது நிம்மதியா ஏறிப்போகுது" என்றாள். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

ரோடு சரியானதும் தேங்கிக் கிடந்த லோடு மொத்தமும் ஒரே நாளில் இறங்கியது. ஏலம் மத்தியானம் தாண்டியும் ஓடியது. அவள் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே போனேன். விரல் மரத்துவிட்டது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று அவள் சொன்ன நேரத்தில், என் விரல் பொத்தானில் இருக்கும்போதே, திரையில் அந்த வரி வந்து நின்றது.

அறையில் நாங்கள் இருவர் மட்டும். முன்பக்கத்தில் வியாபாரிகள் சீட்டுக்குக் காத்து டீ குடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "எந்திரிங்கண்ணே. நான் உக்காந்துக்கிறேன். நான் தெரியாம தொட்டுட்டேன், நின்னுருச்சுன்னு சொல்லிக்கிறேன். எனக்கு எப்படியும் சோலி போச்சு. உங்க கைராசியும் எதுக்குக் கெடணும்? ஊரே உங்களக் கூப்பிடுது."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றாள். நான் எழுந்தேன். அவள் உட்கார்ந்துவிடுவதற்குள் வெளியே போனேன். முதலாளியைச் சுற்றி அத்தனை பேர் இருந்தார்கள். வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"நின்னுருச்சு" என்றேன்.

"அந்தப் புள்ள தொட்டுச்சா?" என்றார் கணக்குப்பிள்ளை.

"இல்ல. என் கையிலதான் நின்னுச்சு. என் வெரல் அதுமேல இருக்கும்போதே நின்னுச்சு. அந்தப் புள்ள தொடவே இல்ல."

அவ்வளவு நீளமாக அத்தனை பேர் முன்னால் நான் பேசியதில்லை. பக்கத்துக் கடைக்காரர் என் கையை ஒரு மாதிரி பார்த்தார். அடுத்த பருவத்துக்கு அவர் என்னைக் கூப்பிடவில்லை.

"ஒன் கையிலயேவா?" என்று முதலாளி ரெண்டு தடவை கேட்டார். பிறகு போனுக்குப் போய் மதுரைக்கு டிரங்க் கால் போட்டார். "தம்பி, சாயங்கால ரயிலுக்குத் திரும்ப அவசரப்படாம வாங்க. கோளாறு மெஷின்லதான்" என்றார்.

இந்தத் தடவை இன்ஜினியர் வந்ததும் முதலில் கேட்டது, எப்போது நிற்கிறது என்று. முதலாளி என்னைப் பார்த்தார், நான் அவளைப் பார்த்தேன்.

"மழைக்கு லோடு வராதப்ப நிக்கவே இல்ல சார். நெறைய வந்த அன்னைக்கு, கடைசி ஆகும்போது நின்னுச்சு. முன்னாடியும் அப்படித்தான், பெரிய ஏலத்தன்னைக்குத்தான் நிக்கும்" என்றாள் அவள்.

இன்ஜினியர் முகம் மலர்ந்தது. "இத யாரும் சொல்லலையேம்மா!"

"யாரும் கேக்கல சார்."

அவர் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பலகையில் சின்னச் சின்னக் கறுப்புத் துண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அதுதான் மெஷினின் ஞாபகம் என்றார். நாம் அடிக்கிறதை அது அங்கே ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகும். நம் குடோன் மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். மூட்டை கம்மியாக வந்தால் வாசல் பக்கமே அடுக்கிவிடலாம். நிறைய வந்தால்தான் கடைசி மூலைக்குப் போவோம், அங்கே கூரை ஒழுகுவது அப்போதுதான் தெரியும்.

அவர் ஒரு வரிசையைப் பிடுங்கி இன்னொரு வரிசையோடு மாற்றிவைத்தார். இப்போது போட்ட உடனேயே மெஷின் நின்றது. ஒழுகுகிற மூலை வாசலுக்கே வந்துவிட்டது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். பிறகு கையில் இருந்த நல்ல துண்டை ஒவ்வொரு இடத்திலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் போட்டதும் மெஷின் ஓடியது. எடுத்த துண்டை சாம்பிள் தட்டில் வைத்தார். கால் முளைத்த அட்டைபோல் இருந்தது. முதலாளி அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுதானா? இதுக்கா ஒரு பொம்பளப்புள்ளைய அனுப்புறதுக்கு இருந்தோம்?" என்று கணக்குப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, போயி ஒன் சோலியப் பாரு" என்றார் முதலாளி. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ரெண்டு கையையும் மெஷின்மேல் வைத்தாள். பத்து விரலும் ஓடின. நான் போய் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றினேன். அதற்கு அவசியமில்லை என்று தெரியும். வேறெங்காவது கொஞ்ச நேரம் நிற்கவேண்டும்போல் இருந்தது.

அடுத்த ஆவணியில் புதுக் காய் இறங்கியது. சாமி கும்பிட்டு முடித்ததும் முதலாளி சணல் அறுக்கிற கத்தியைப் பழக்கத்தில் என்னிடமே நீட்டினார். நான் வாங்கி அவளிடம் கொடுத்தேன்.

"அது பிரிக்கட்டும்" என்றேன்.

கணக்குப்பிள்ளை என்னவோ சொல்ல வந்து விட்டுவிட்டார். முதலாளி தலையை ஆட்டினார். அவள் தையலை அறுத்து மூட்டை வாயை விரித்ததும் பச்சை வாசம் கடை முழுக்கப் பரவியது. முதலாளி ஒரு கை அள்ளிப் பார்த்து, "காய் நல்லாருக்கு" என்றார்.

"அப்ப மாப்ளைக்கு இனிமே என்ன சோலி?" என்று கணக்குப்பிள்ளை கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் தரையைப் பார்த்துச் சிரித்தேன்.

அவள் கத்தியைத் திருப்பி நீட்டினாள். "இந்தாங்க" என்றாள். பேச்சுக்குப் பேச்சு அண்ணே போடுகிறவள், அந்தத் தடவை போடவில்லை. அதற்குப் பிறகும் போட்டதில்லை. இப்போது சமையல்கட்டிலிருந்து என்னைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.