சரஸ்வதி கையிலிருந்த யுகுலேலே

1. கவுண்டருக்கு வந்த நாள்

தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே ஓர் இசைக்கருவிக் கடையில் எனக்கு வேலை. பின்கட்டில் உட்கார்ந்து ஆர்மோனியத் துருத்திக்குத் தோல் ஒட்ட வேண்டும். வஜ்ரப் பசையைக் காய்ச்சிக் காய்ச்சி, சாப்பிடும் சோற்றிலும் அதே நாற்றம் அடிக்கும். எண்பதுகளின் பின்பாதியில் ஒருநாள் சேல்ஸ்மேன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். முதலாளி உள்ளே எட்டிப் பார்த்து, "குணசேகரா, கையக் கழுவிகினு கவுண்டருக்கு வா" என்றார். அன்று தேய்த்த அளவுக்கு நான் என் கல்யாணத்தன்றுகூட சோப்புத் தேய்க்கவில்லை.

அன்றைக்கே பல்லாவரத்திலிருந்து ஓர் ஆங்கிலோ-இந்திய ஆன்ட்டி வந்தார். மகளோடு ஆஸ்திரேலியா போகிறவர், வீட்டுப் பியானோவை எங்கள் கடைக்கு விற்றிருந்தார். கூடவே ஒரு யுகுலேலேயும் கொடுத்தார். பார்க்கக் குட்டி கிடார் மாதிரி இருக்கும், நாலே கம்பி. அதிலும் இது சொப்ரானோ என்கிற சின்ன சைஸ். கப்பலில் பேண்டு வாசித்த அவருடைய கணவர் ஹவாய்த் தீவிலேயே வாங்கியதாம். மரம் அப்படி ஒரு மரம், ஓசை அப்படி ஓர் ஓசை.

"இது டாய் இல்ல மேன். வாசிக்கிறவனுக்குக் குடு" என்றார் ஆன்ட்டி. கம்பிகளை அழுத்திச் சேர்ந்தாற்போல் மீட்டும் சுரக்கூட்டுக்குக் கார்டு என்று பெயர்; ஒரு விரலில் ஒரு கார்டு, இரண்டு விரலில் இன்னொரு கார்டு காட்டிக்கொடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

உசத்தியான சரக்கு அல்லவா? முதலாளி அதைக் கண்ணாடி ஷோகேஸில் வைத்துப் பூட்டி, "தொடாதே" என்று ஒரு பலகையும் மாட்டினார்.

2. மூக்குத்தி வியாபாரம்

வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடிக்கு வெளியே நின்று கேள்வி கேட்டார்கள்.

"நாலு கம்பிதான் கீது. மீதி ரெண்டு இன்னா ஆச்சு சார்?"

"பெரிய கிடார் கம்மி ரேட்டு, இத்தனூண்டு ஜாஸ்தி ரேட்டா? இன்னா நியாயம் இது?"

"அண்ணே, மூக்குத்திகூடத்தான் சின்னது. அண்டா வெலைக்கா தருவான்?" என்பேன். எனக்கு அந்தப் பதிலில் ரொம்பப் பெருமை.

"அப்போ மூக்குல மாட்டிக்கோ" என்று ஒருவர் போய்விட்டார். கல்யாண ஊர்வலத்தில் வாசிக்கும் பேண்டு மாஸ்டர் ஒருவர், "டிரம்ஸ் நடுவுல இத வாசிச்சா எனக்கே கேக்காது" என்றார்.

முதலாளிக்குப் பொறுமை போனது. "நவராத்திரி முடியறதுக்குள்ள இத வித்துடு. இல்லாங்காட்டி பசை டப்பாவோட உள்ள குந்திக்கோ."

கவுண்டருக்கு வந்துவிட்டதாக மாமனார் ஊர்வரை சொல்லியாகிவிட்டது.

3. சேலையூர் மாமி

நவராத்திரிக்கு முந்தின நாள், சேலையூரிலிருந்து ஒரு மாமி கையில் நூல்கயிற்றோடு வந்தார். ஷோகேஸைத் திறக்கச் சொல்லி யுகுலேலேயைக் கயிற்றால் அளந்தார். சைஸ் சரியாக இருக்கிறது என்று சொன்ன முதல் வாடிக்கையாளர் அவர்தான்.

"எங்காத்து சரஸ்வதி பொம்மையோட வீணை உடைஞ்சு போச்சு. பெரிய பொம்மை. இது பாந்தமா இருக்கும். புடிச்சா வெச்சுக்கறேன், இல்லேன்னா கொலு முடிஞ்சதும் தந்துடறேன்."

வித்வான் கைக்குப் போக வேண்டியது பொம்மை கைக்குப் போகிறதே என்று மனசு கேட்கவில்லை. ஆனாலும் முன்பணம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பயந்தது போலவே விஜயதசமி அன்று ஆள் அனுப்பினார் மாமி, வந்து எடுத்துக்கொண்டு போகும்படி. "போய் எடுத்துகினு வா. வந்ததும் பசையைக் காய்ச்சு" என்றார் முதலாளி. கேம்ப் ரோடு முழுக்க அழுத முகத்தோடு சைக்கிள் மிதித்தேன்.

மாமி வீட்டுக் கொலுவில், சரஸ்வதி மடியிலிருந்து யுகுலேலேயை எடுக்கக் கை நீட்டினேன். மாமி தடுத்தார்.

"நேத்து பூஜையில வெச்சது. வாத்தியம்னா இன்னிக்கு வாசிச்சுட்டுத்தான் எடுக்கணும். நீங்களே ஒண்ணு வாசிங்கோ."

"மாமி, நான் தோல் ஒட்டுறவன்."

"சரஸ்வதிக்குத் தெரியும், பரவாயில்லை."

வேறு வழியில்லை. ஆன்ட்டி காட்டிய இரண்டு கார்டுகளையும் மாற்றி மாற்றி மீட்டினேன். ஈஸிசேரில் பேப்பருக்குப் பின்னால் இருந்த மாமா, ரிட்டையரான ஆபீசர், மெல்லப் பேப்பரை இறக்கினார்.

"ஒரே விரல்தானா?"

"மொதலுக்கு ஒரு விரல், அடுத்ததுக்கு ரெண்டு சார்."

"இங்க கொடு."

வாங்கி மீட்டினார். ஓசை அந்த ஹாலில் நிறைந்து நின்றது. பிறகு என்னையும் மறந்தார், மாமியையும் மறந்தார். சுண்டல் ஆறியது. "கொலுவைப் பிரிக்கணும், பெட்டியை இறக்கிக் குடுங்கோ" என்று மாமி மூன்று தடவை கூப்பிட்டார். மாமா இரண்டாவது கார்டுக்கு விரல் தேடிக்கொண்டிருந்தார்.

மாமி என்னைப் பார்த்தார். "இதை நீங்க எடுத்துண்டு போனா இவரும் பின்னாடியே கடைக்கு வந்துடுவார் போலிருக்கே. பில் போட்டுடுங்கோ."

இத்தனை நாள் மூக்குத்தி, அண்டா என்று வாயால் விற்றுக்கொண்டிருந்தேன். வாத்தியத்தை ஆள் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் வியாபாரம் என்று அன்று புரிந்தது. கடைசிவரை கவுண்டரில் நிலைத்ததும் அதனால்தான்.

நடந்ததை முதலாளியிடம் சொன்னேன். ஷோகேஸ் பூட்டைத் திறந்து, "தொடாதே" பலகையைக் கழற்றி, பின்கட்டுக்குக் கொண்டுபோனார். ரொம்ப நாளாக மூடி இல்லாத பசை டப்பாவை அதனால் மூடிவைத்தார்.