கன்னத்துத் தேனீ

வறுத்த நெத்திலியை அத்தி இலையில் மடித்துக் கொடுத்துவிட்டு, வாங்கிய வெண்கலக் காசை இடது கன்னத்துக்குள் ஒதுக்கினாள் நிகாரெத்தே. துறைமுகச் சந்தையில் எல்லோருக்கும் வாய்தான் பை. ஆனால் வாய் நிறையக் காசோடு கூவி விற்பவள் இவள் ஒருத்திதான். காலையில் "கொரேசியா நெத்திலி!" என்று கணீரென வரும் ஊர்ப்பெயர், உச்சிப்பொழுதில் "கொரேத்தியா" ஆகியிருக்கும்.

"அக்காவுக்கு நாக்கு குழறுது, இன்னிக்கு நல்ல வியாபாரம்" என்பார்கள் சுமைகாரர்கள்.

"உனக்குப் புத்தியே போத்து, நகருடா" என்பாள்.

ஊர்க் காசு சிறியது. ஒரு பக்கம் தேனீ. எழுத்தறியாதவள், அதன் இறக்கையை நாக்கால் தடவிப் பார்த்துக்கொள்வாள். படையோடு வந்திறங்கிய எகிப்து அரசனின் காசு தடியானது, அதில் கழுகு. "இதை வாயில போட்டா தாடை கழண்டுடும். தேனீ இருந்தா குடு, இல்லேன்னா மோந்து பாத்துட்டுப் போ" என்று சிப்பாய்களைத் துரத்துவாள்.

அரசன் ஊருக்குத் தன் ராணியின் பெயரை வைத்தான். அடுத்து, தேனீக் காசு செல்லாது என்றான். உருக்கக் கொடுக்காதவர்களுக்குச் சந்தையில் இடமில்லை.

சந்தை அதிகாரி லம்பியாஸ் உள்ளூர்க்காரன். கிண்ணத்தோடு வந்து நின்றான்; பின்னால் ஒரு சிப்பாய்.

"துப்பிடுங்க அக்கா. எனக்கும் வேற வழியில்ல."

"என்கிட்ட ஓதியில நெத்திலி தின்ன வாயா இதைக் கேக்குது?"

ஒவ்வொன்றாகத் துப்பினாள். எச்சிலோடு கிண்ணத்தில் விழுந்தன.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், தாமி."

அந்தக் குழறலைக் கேட்டு வளர்ந்தவன் லம்பியாஸ். குரலைத் தாழ்த்தினான். "இன்னும் ஒண்ணு இருக்கு அக்கா. குடுத்துட்டு இங்கேயே உக்காருங்க. இல்லேன்னா இடம் போயிடும்."

நிகாரெத்தே அவனைப் பார்த்தபடியே விழுங்கினாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கியும் காட்டினாள்.

"இடத்தக் காலி பண்ணு!" என்று சிப்பாய் கத்தினான்.

அடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சந்தையின் எல்லைக்கல்லைத் தாண்டி, ஓரடி வெளியே இறக்கினாள்.

"சுடச்சுட கொரேசியா நெத்திலி!"

ஓர் எழுத்துகூடக் குழறவில்லை. சந்தையே திரும்பிப் பார்த்தது. ஒரு சுமைகாரன் கல்லைத் தாண்டி வந்து, தன் கடைவாயிலிருந்து தேனீக் காசு ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை. லம்பியாஸின் கண்முன்னேயே இடது கன்னத்துக்குள் ஒதுக்கினாள்.