ஆறாம் நாள் தட்டு

கால்நடை ஆய்வகத்தில் அவளைத் தட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினெட்டு வருடமாகக் கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளோடுதான் அவள் பொழுது போனது. குதிரை, கழுதைகளின் பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக்குச்சியில் ஒற்றியெடுத்த மாதிரிகள், கிருமி சாகாமல் காக்கும் கரிக்கூழில் புதைந்து, குளிர்ப்பெட்டியில் வந்து சேரும். தட்டில் தடவி இளஞ்சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இது என்ன நிறக் குதிரையாக இருக்கும், இந்நேரம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று தனக்குள் மிதந்துகொண்டிருப்பாள். பக்கத்தில் போய் ஒரு குதிரையையும் பார்த்ததில்லை.

"குதிரைங்களோட அந்தரங்கமெல்லாம் உனக்கு அத்துப்படி. மூஞ்சிதான் தெரியாது," என்று கணவர் சீண்டுவார்.

அந்த வருடம் ஒரு பண்ணையில், இனப்பெருக்கத்துக்கென்று வைத்திருந்த பொலிகுதிரையோடு சேர்ந்த மூன்று பெண்குதிரைகளுக்குச் சாம்பல் நிறத்தில் திரவம் வடிந்தது. ஒன்றும் சினை பிடிக்கவில்லை. பொலிகுதிரையின் மாதிரி ஆய்வகத்துக்கு வந்த மூன்றாம் நாளே பண்ணைக்காரர் போன் செய்தார்.

"தட்டுல ஒண்ணும் இல்லைதானேம்மா? அவன் ராஜா மாதிரி நிக்கிறான். சுத்தம்னு எழுதிடுங்க."

"இந்தக் கிருமி இருந்தாலும் ஆண்குதிரைக்கு வெளியில எதுவும் தெரியாதுங்க. இது சோம்பேறிக் கிருமி, மெதுவாத்தான் எழுந்திருக்கும். ஏழு நாள் ஆகட்டும்."

"இங்க மத்த குதிரைங்க காத்திட்டிருக்கே."

"காத்திருக்கட்டுங்க."

போனை வைத்தாள். அவ்வளவு கறாராக அவள் யாரிடமும் பேசியதில்லை.

ஆறாம் நாள் காலை தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஊசிமுனையளவு சாம்பல் புள்ளிகள், பனி இறங்கியதுபோல. அடுத்தடுத்த சோதனைகளும் அந்தச் சோம்பேறிக் கிருமிதான் என்றன. சந்தோஷப்படலாமா என்று தெரியாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பண்ணையில் இணைசேர்ப்பை நிறுத்தினார்கள். ஐந்து நாள் பொலிகுதிரையின் உறுப்பைக் கிருமிநாசினியால் கழுவிக் களிம்பு தடவினார்கள். சில வாரம் கழித்து மறுசோதனைக்கு மாதிரி எடுக்கப் போன மருத்துவரோடு அவளும் கிளம்பினாள்.

லாயத்தில் நின்றது அவள் மனதில் ஓடிய வெள்ளைக் குதிரை இல்லை. தவிட்டு நிறம், கொஞ்சம் குள்ளம். அது மூக்கை நீட்டியதும் பின்வாங்கினாள்.

"பயப்படாதீங்கக்கா, மோந்து பார்க்குது, அவ்வளவுதான்," என்றார் குதிரைக்காரர்.

கழுத்தில் கை வைத்தாள். இளஞ்சூட்டுப் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் அதே சூடு. கண்ணை மூடிக்கொண்டாள். மருத்துவர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுசோதனைகளில் எதுவும் முளைக்கவில்லை. அடுத்த பருவத்தில் பண்ணைக்காரர் மறுபடி பேசினார்.

"மூணுல ரெண்டு சினைம்மா. மூணாவதுக்கு என்னன்னு தெரியல. மாதிரி அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. ஐஸ் போட மறந்துடாதீங்க," என்றாள்.