ஒருவருக்கு மட்டும் விசா: ராஜகிரி மேல் ஒரு ஞாயிறு

ஜனவரி 18, ஞாயிறு, காலை 6.10. கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை பஸ். ஆட்கள் இரண்டு: நானும் யாசிரும்.

யாசிர் என் அலுவலகத்தில் கட்டட வடிவமைப்பு செய்பவன். மாலத்தீவுக்காரன். படிக்க வந்து ஆறு வருடமாகச் சென்னைவாசி, தமிழ் சரளம். அவன் தீவில் தென்னை உச்சிதான் உயரமான இடம். கடல் ஏறி வீட்டுக் கிணறே உப்பாகிவிட்டது. அங்கே அம்மா தனியாக இருக்கிறார். இந்த நேரத்தில் ஒரு பணக்கார நாட்டு நிறுவனம் வேலையும் விசாவும் தருகிறது, அவனுக்கு மட்டும். அம்மாவுக்குக் கிடையாது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் மலை மேல் நின்று யோசிக்க வேண்டுமாம். யோசிக்க என்ன இருக்கிறது, கையெழுத்தைப் போடு என்பது என் கட்சி.

செஞ்சியில் இறங்கும்போது 9.20. அங்கிருந்து கோட்டையின் ராஜகிரி மலை அடிவாரத்துக்கு ஆட்டோ, நூறு ரூபாய். பேரம் பேசினேன், நடக்கவில்லை. ஓட்டுநர் ஏழுமலை, அனந்தபுரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். யாசிர் மாலத்தீவு என்றதும் கேட்டார்:

"சினிமாக்காரங்க லீவுக்குப் போற ஊராச்சே. அங்கேர்ந்து இங்க இன்னாத்துக்குப்பா வந்த?"

யாசிர் முழுக்கதையும் சொன்னான். வெயில் ஏறுகிறதே என்று எனக்கு எரிச்சல். ஏழுமலை வண்டியை ஓரமாகவே நிறுத்திவிட்டார்.

"எங்க ஊர்லயும் இதே பஞ்சாயத்துதான். ஒரு மழைல ஏரி ரொம்பி, ஏரிக்குள்ளயே எங்காளுங்க வச்ச நெல்லு முழுவுற மாதிரி ஆயிட்டுது. யாருக்கும் சொல்லாம கரைய வெட்டி உட்டுட்டாங்க. கீழ இருந்த ஊரு பூரா தண்ணி."

"அப்புறம்?"

"அரிசி தர்றோம்னோம். வாணான்னுட்டாங்க. சரி, வேலைக்கு ஆவுற ஆளுங்க மட்டும் வந்து தங்கிக்கட்டும்னோம். கெழவன், கெழவி, கொழந்த எல்லாம்தான் வரும், வெட்டுனவன் நீதானேன்னு கேட்டாங்க. இன்னா பேசுறது? மேட்டுல இருந்த களத்த உட்டுக் குடுத்தோம். எங்க நைனா இன்னும் பொலம்பினுதான் இருக்குது."

"நெல்லு எங்க அடிக்கிறீங்க?" என்றேன்.

"மிஷினு வந்துட்டுது. களம் எதுக்கு?"

டிக்கெட் பற்றி ஒன்று: மாலத்தீவுக்காரர்களுக்கும் நம் கட்டணம்தான், பாஸ்போர்ட் கையில் இருந்தால். மூன்று மணிக்கு மேல் ஏற விடுவதில்லை. வழியில் ஒரு குரங்கு என் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டது.

உச்சியில் நல்ல காற்று. கீழே பாறைக் குன்றுகள், பச்சை வயல்கள், அங்கங்கே மின்னும் ஏரிகள். "கடலே தெரியலடா" என்று யாசிர் சிரித்தான். அம்மாவுக்கு வீடியோ காலில் சுற்றிக் காட்டினான். பிறகு உட்கார்ந்து பதிலைத் தட்டச்சு செய்தான்: அம்மாவுக்கும் விசா தந்தால் வருகிறேன்.

"மறுத்துடுவாங்க" என்றேன்.

"மறுக்கட்டும். அவங்க ஃபேக்டரிப் புகைலதான் கடல் ஏறி எங்க கெணறு உப்பாச்சு. அதுல என்னை மட்டும் பொறுக்கி எடுத்துப்பாங்க, நான் நன்றி வேற சொல்லணுமா?"

எங்கள் தொழிலிலும் இதே விதிதான். கட்டுமானத்தில், பக்கத்து மனைக்குச் சேதம் செய்தவன்தான் அதைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். அதை யாரும் தர்மக் கணக்கில் எழுதுவதில்லை. நாடுகள் மட்டும் எழுதுகின்றன.

அடுத்து நான் செய்யப்போவது:

1. அவன் அனுப்பும் முன் அந்தப் பதிலில் உள்ள 'தயவுசெய்து' எல்லாவற்றையும் வெட்டுவது.
2. இனி மலைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நீங்களும்தான். பிஸ்கட் பைக்குள்ளேயே இருக்கட்டும்.
3. பதில் எப்படி வந்தாலும், அவன் அம்மா சென்னை வரும்போது செஞ்சிக்கு அழைத்து வருவது. மூட்டு வலிக்காரர், அதனால் ராஜகிரி வேண்டாம். இதே கோட்டையின் கிருஷ்ணகிரிக் குன்று உயரம் குறைவு, அங்கிருந்தும் கடல் தெரியாது.