முன்னாலேயே கூப்பிடச் சொன்னவர்

மாடி வீட்டு மரகதம் அக்கா என்னை அழைத்தபோது கல்லூரியில் முதல் வகுப்பை எடுத்து முடித்து வெளியே வந்திருந்தேன். "அம்மணி, அண்ணன் போயிட்டாருங்க" என்றார். நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். நம் தெருவில் அவரை அறிந்த பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அக்காவின் கணவர் சென்னியப்பண்ணன் கடலோர மீட்பு ஹெலிகாப்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தனக்கு நேர் கீழே நடப்பது விமானிக்குத் தெரியாது. திறந்த கதவருகே படுத்துக் கீழே பார்த்து, முன்னால், பின்னால், நில் என்று விமானிக்குச் சொல்லிக்கொண்டே கம்பிவடத்தை இறக்கி ஆளைத் தூக்குவது இவர் வேலை. கோவைக்கு வந்தபின் கடல் இல்லை. நம் கார்கள் இருந்தன. நான் வண்டியைப் பின்னால் எடுத்தாலே பால்கனியிலிருந்து குரல் வரும்.

"வாங்க... வாங்க... இன்னுங் கொஞ்சம்... நில்லுங்க அம்மணி!"

"எனக்கே கண்ணாடியில தெரியுதுங்கண்ணா."

"தெரியுதுங்கறீங்க. அப்பறம் அந்தப் பூந்தொட்டிய இடிச்சது யாருங்க?"

தெருக் கூட்டத்தில் குப்பை வண்டியைப் பற்றிப் பேசினாலும் அவர் ஒரு படகின் கதையில் போய்த்தான் முடிப்பார். இன்ஜின் நின்றுபோன படகு. தாங்களே சரிசெய்துகொள்ளலாம் என்று மீனவர்கள் காலை முழுவதும் முயன்றுவிட்டு, தண்ணீர் ஏறியபின் உதவி கேட்டார்கள். மற்றவர்களைத் தூக்குவதற்குள் எரிபொருள் குறைந்து, ஒருவரைப் படகிலேயே விட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. மறுபடி போனபோது படகே இல்லை. இதைக் கேட்டுக் கேட்டு நமக்கு அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை.

ஒருமுறை காய்ச்சலோடு நானே கார் ஓட்டி மருத்துவமனைக்குப் போய்வந்தேன். வாசலில் நிறுத்தித் திட்டினார். "அடுத்தவங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு நெனச்சவங்களத்தானுங்க நாங்க பாதிநேரம் பொணமாத் தூக்குனோம். முன்னாலயே கூப்புடோணும்!"

துக்க வீட்டில் அக்காவிடம் கேட்டேன். "எப்பங்கக்கா ஆரம்பிச்சுது?"

"எந்திரிச்சதுல இருந்தே நெஞ்சடைக்குதுன்னாருங்க. கீழ அம்மணியக் கூப்பிடறேன்னேன். 'காலேஜுக்குக் கெளம்பற நேரம், தொந்தரவு பண்ணாத, வாயுதான்'னு ஓமத்தண்ணியக் குடிச்சுப்போட்டு பால்கனிக்குப் போயிட்டாரு."

பால்கனிக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்று காலையும் எனக்குக் குரல் வந்தது. தன்னை ஏற்றிக்கொண்டு போயிருக்க வேண்டிய காருக்கு அவரே வழிசொல்லி, காலியாக அனுப்பிவைத்திருக்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது? இனித் திட்டவும் முடியாது.

எனவே அவர் செய்ததை விட்டுவிட்டு, சொன்னதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் காலையில் எனக்குத் தலை சுற்றியது. வழக்கமாக, சரியாகிவிடும் என்று படுத்துவிடுவேன். இம்முறை எதிர்வீட்டு மோகனைக் கூப்பிட்டேன். பாதிச் சவரத்தோடு ஓடிவந்து காரை எடுத்தார். ஒன்றுமில்லை, வேளைக்குச் சாப்பிடுங்கள் என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில், உக்கடம் நெரிசலில் நின்றபோது மோகன் கன்னத்தில் காய்ந்த சோப்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"இதுக்காங்கக்கா இத்தன அவசரமாக் கூப்புட்டீங்க?"

"ஆமாந் தம்பி. அடுத்த தடவையும் கூப்புடுவேன்."